அப்பா இந்தியர், பிள்ளை யார்?

"தாலியே கட்டியாச்சு, அப்புறம் விசா எதுக்கு லாயரம்மா?"

வெளிநாட்டுப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு அல்சூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகின்றன. நான் பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு பார்க்கும் சிவில் வழக்கறிஞர். பெங்களூரில் தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் வக்கீல் வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் மூலம் விசா சமாச்சாரமும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கேள்விக்குப் பதில் கசப்பானது. தாலியோ மோதிரமோ பதிவுச் சான்றிதழோ, எதுவும் இந்த நாட்டில் காலாவதியான விசாவைக் கழுவிவிடாது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம், இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஆனால் அவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது. யார் அந்தக் குடியேறி? 2003-இல் நிறைவேறிய திருத்தம் இரண்டு பேரை ஒரே வரியில் நிறுத்துகிறது. ஆவணமே இல்லாமல் எல்லை தாண்டியவர் ஒருவர். முறையான பாஸ்போர்ட்டும் விசாவுமாக விமான நிலையத்தில் முத்திரை வாங்கி வந்து, அனுமதித்த நாளுக்கு மேல் தங்கிவிட்டவர் இன்னொருவர். எத்தனை நாள் மேல் என்ற கணக்கு அந்த வரையறையில் இல்லை. பத்து வருடமும் ஒன்றுதான், பத்து நாளும் ஒன்றுதான்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பையன் இங்கே ஏ.சி. மெக்கானிக். அவன் தாத்தா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரைக் கர்நாடக அரசு தட்சிண கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தியது. தாத்தா குடும்பம் சுள்ளியாவுக்கு வந்தது. கூடப்பிறந்தவர்கள் சிலர் ஹட்டனிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடு. அதற்குப் பிறகும் கொடுக்கல் வாங்கல் விட்டுப்போகவில்லை. பையனுக்கு ஹட்டனில் மாமன் மகள் இருந்தாள்.

அவள் ஆனி மாதக் கடைசியில் முப்பது நாள் டூரிஸ்ட் இ-விசாவில் வந்தாள். குக்கே சுப்பிரமணியாவைக் கும்பிட்டுவிட்டு, அத்தை வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். பேச்சு எழுந்தது, பூ வைத்தார்கள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வீட்டில் முகூர்த்தம் வைப்பார்கள்? ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. விசா ஆடியிலேயே முடிந்துபோனது. "மேரேஜ் சர்டிபிகேட் வந்துட்டா எல்லாம் தானா சரியாயிடும்" என்று ஒரு புரோக்கர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். பாதி உண்மை என்பதால் அந்தப் பேச்சு எடுபட்டுவிடுகிறது. டூரிஸ்ட் விசாவில் வந்தவர் இந்தியரை மணந்தால், விசா உயிரோடு இருக்கும்போதே எக்ஸ் வகை விசாவுக்கு மாறிக்கொள்ள விதியில் இடம் உண்டு. பதிவுச் சான்றிதழ், இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்ற போலீஸ் அறிக்கை, கணவனின் உறுதிப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். இவர்களிடம் எல்லாம் இருந்தது, உயிருள்ள விசாவைத் தவிர.

மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது, தடுப்பூசி அட்டை கொடுத்தார்கள், அத்தை காது குத்துக்கு நாள் பார்த்தார். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தாயின் விசா நகலைக் கேட்டார்கள். விண்ணப்பம் நின்றது. அன்றைக்குத்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

சட்டப்படி அந்தக் குழந்தை இந்தியர் அல்ல. குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால் போதும், நீங்கள் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு நிபந்தனை: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் குழந்தை பிறக்கும் நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பிறக்கும் நேரத்தில் என்பதுதான் கத்தி. அப்பா பிறவி இந்தியர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர், வரி கட்டுகிறவர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு தேதி தாண்டிவிட்டது. அதனால் பெங்களூரில் பிறந்த பிள்ளை அந்நியர்.

இங்கே அமெரிக்காவைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டபோது, பெங்களூர் ஐ.டி. வீடுகளில் எழுந்த குமுறலை நான் நேரில் கேட்டிருக்கிறேன். என் சொந்தத்திலேயே நியூ ஜெர்சியில் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். "குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நீதிமன்றங்கள் அந்த ஆணைக்குத் தடைபோட்டன. ஆனால் அந்த ஆணையின் வாசகத்தைப் படித்தவர்கள் கம்மி. தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தையும் அமெரிக்கக் குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இல்லாவிட்டால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. தந்தை குடிமகன் என்றால் டிரம்ப்பும் கைவைக்கவில்லை. நாம் 2004 முதல் கைவைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் சத்தமே இல்லாமல்.

கணவன் மனைவி விஷயத்திலும் அப்படியே. முறையாகச் சோதிக்கப்பட்டு நுழைந்தவர் விசா காலம் கடந்து தங்கி, பிறகு அமெரிக்கக் குடிமகனை உண்மையாக மணந்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அங்கே எல்லாம் தேனாறு என்று நான் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படித் தங்கியவர் விண்ணப்பிக்காமல் வெளியே போய்விட்டால், பத்து ஆண்டு திரும்ப முடியாது. ஆனாலும் நுழைந்த விதத்தையும் தங்கிய காலத்தையும் அந்தச் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. நம் சட்டம் பார்ப்பதில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும், அதற்கான சம்பவம் இந்த ஊரிலேயே நடந்ததும் தெரியும். 2023 ஜனவரியில் பெல்லந்தூர் பகுதியில் ஒரு பாகிஸ்தான் பெண்ணைப் போலீஸ் பிடித்தது. செக்யூரிட்டி வேலை பார்த்த உத்தரப் பிரதேச இளைஞர் ஒருவரோடு ஆன்லைன் லூடோவில் பழகி, அவரை நேபாளத்தில் மணந்து, அங்கிருந்து எல்லை தாண்டி வந்திருந்தாள். அடுத்த மாதமே அட்டாரி வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டாள். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு பாகிஸ்தானியருக்குக் கொடுத்த விசாக்களை அரசு ரத்துசெய்தது. பாகிஸ்தான் மனைவியை விசா முடிந்தும் தங்கவைத்தார் என்று மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் ஒருவர் வேலையிழந்தார். கல்யாணம் என்ற போர்வையில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விட்டுவிட முடியாது. யார் உள்ளே வரலாம், யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. இந்தியாவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த பெல்ஜியப் பாதிரியார் லூயி டி ரேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதும் அதுதான்: வெளிநாட்டவருக்கு உயிர், உடல் சுதந்திரம் உண்டு, இங்கே குடியிருக்கும் உரிமை இல்லை. 2025 மே மாதம், மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்று முறையிட்ட ஓர் இலங்கைத் தமிழரிடம், இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று அதே நீதிமன்றம் கடிந்துகொண்டது.

சரி, விசாரியுங்கள். போலித் திருமணமா என்று வீடு வந்து பாருங்கள், அண்டை வீட்டைக் கேளுங்கள், அபராதம் போடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டம் விசா காலம் கடந்து தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம் என்கிறது. அரசின் கையில் ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை. அது தவறு செய்தவர் மீது பாயட்டும். பிரசவ அறையில் இருக்கும் சிசுவின் குடியுரிமையை எதற்குப் பறிக்க வேண்டும்? எல்லை ஊடுருவலைத் தடுக்க 2003-இல் கொண்டுவந்த திருத்தம், அப்பா பெயர் தெரிந்த, அப்பா இந்தியர் என்று ஆவணம் சொல்லும் பிள்ளையைத் தண்டிப்பதால் எந்த எல்லை பத்திரமாகிறது?

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில் இதே வலி பெரிய அளவில் இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987-க்கு முந்தைய விதியைக் காட்டி மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் 2022-இல் வென்றார். 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். தப்பித்தது பிறந்த தேதியால். 2004-க்குப் பின் முகாம் பெண்ணுக்கும் உள்ளூர்ப் பையனுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. நல்ல காரியம். ஆனால் அது குடியுரிமை அல்ல.

நம் மெக்கானிக் குடும்பம் என்ன ஆயிற்று? அபராதம் கட்டி, எக்ஸிட் பெர்மிட் வாங்கி, கைக்குழந்தையோடு தாய் கொழும்புக்குப் போனாள். குழந்தை இலங்கைப் பயணப் பத்திரத்தில் போனது. அங்கே இந்தியத் தூதரகத்தில் எக்ஸ் விசா வாங்கித் திரும்பி வந்தார்கள். அந்தக் குழந்தை இன்று ஓ.சி.ஐ. அட்டைக்குத் தகுதியானவள். பெங்களூரில் பிறந்து பெங்களூரில் வளரும் பிள்ளைக்குக் கடல்கடந்த இந்தியர்களுக்கான அட்டை! அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, அரசு வேலைக்குப் போக முடியாது. விசேஷச் சூழ்நிலையில் எந்தச் சிறாரையும் குடியுரிமைக்குப் பதிவுசெய்ய மத்திய அரசுக்குச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. அதன்கீழ் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அது கருணை மனுதான், உரிமை மனு அல்ல என்பதுதான் எரிச்சல்.

கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நாடாளுமன்றம் போனவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மூன்றாம் பிரிவில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள்: பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகன் என்றால், மற்றவரின் விசா நிலை எதுவானாலும் இங்கே பிறந்த பிள்ளை இந்தியர்.

அது நடக்கும்வரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து சம்பந்தம் வந்தால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் பாஸ்போர்ட்டை வாங்கி விசா தேதியைப் பாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுசெய்வதென்றால், ஒருவராவது முப்பது நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும், நோட்டீஸுக்கு இன்னொரு முப்பது நாள் போகும். முப்பது நாள் டூரிஸ்ட் விசாவில் நோட்டீஸ் காலம் ஒன்றே அத்தனை நாளையும் விழுங்கிவிடும். தேதி போதவில்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்பி, சரியான விசாவில் வரவழையுங்கள். ஆவணி முகூர்த்தம் தவறினால் தை இருக்கிறது.