தக்களிக்கும் ஓர் இடம்

அகழாய்வு என்றவுடன் நம் மனம் பொன்னையும் மணியையும் தேடுகிறது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் பொன் அணிகளையே நம் கண்கள் நாடுகின்றன. நடுவில் துளையிட்ட சிறு சுடுமண் தக்களிகளைக் கண்டும் காணாமல் கடந்து விடுகிறோம். இது முறையன்று என்பதே நம் கருத்து.

ஒரு குச்சியில் தக்களியைச் செருகிச் சுழற்றிவிட்டால், அதன் கனமே சுழற்சி நின்றுவிடாமல் காக்கும். பஞ்சு முறுக்கேறி நூலாகும். பத்தாம் வகுப்பு இயற்பியலில் நாம் மனப்பாடம் செய்யும் நிலைமத்தை, ஏடு பாராமலே கையால் அறிந்தவர்கள் நம் முன்னோர்.

துணி மண்ணில் மக்கிவிடும். சுட்ட மண் மக்காது. ஆகவே மறைந்துபோன துணிக்குத் தக்களியே சாட்சி. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத் துணி ஆராய்ச்சி மையத்தார், பழைய தக்களிகளைப் போலவே புதியன செய்து கம்பளி நூற்றுப் பார்த்தனர். எடை குறைந்த தக்களிக்கு மெல்லிய நூலும், கனத்த தக்களிக்குத் தடித்த நூலும் பொருந்தின. எனவே, தக்களியை நிறுத்துப் பார்த்தால் அன்றைய நூலின் தன்மையையே ஓரளவு ஊகிக்கலாம்!

தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கீழடியின் தொன்மை கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குச் செல்கிறது என்றும், தக்களிகளும் எலும்புக் கருவிகளும் நெசவுக்குச் சான்று என்றும் கூறுகிறது. உடனே நாம் மேடையேறிப் பழம்பெருமை முழங்குகிறோம். ஆனால், தக்களியில் ஓர் ஆடைக்கு வேண்டிய நூலை நூற்க, அதை நெய்வதைவிடப் பன்மடங்கு நேரம் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? பஞ்சு நூற்கும் பெண்களைப் புறநானூறு பேசுகிறது. கதிர் பிடிக்கும் பெண்ணை விவிலியத்தின் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் போற்றுகிறது. ஆயினும் அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் நாம் அறியோம். அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் எழுதினால் மதிப்பெண் உண்டு; ஊருக்கு உடை தந்த கைகளுக்கு மதிப்பெண் இல்லை.

கண்ணாடிப் பேழையைப் பார்த்துக் குறிப்பெடுத்தால் மட்டும் போதாது. களிமண்ணில் தக்களி செய்து, சுட்டு, நாமே ஒரு முழம் நூல் நூற்றுப் பார்க்க வேண்டும். பொதுத் தேர்வு ஆண்டில் இதற்கு நேரமேது என்று சிலர் கேட்கலாம். ஒரே ஒரு பாடவேளை போதும். நூல் பத்து முறை அறுந்தால், அந்தப் பெண்களின் திறமை நமக்குத் தானே விளங்கும்.

பொன் அணிந்தவர் சிலர். உடை உடுத்தியவர் பலர். அடுத்த முறை கீழடி செல்லும்போது, முதலில் தக்களியின் முன் நிற்போமாக!