ஜே.சி.பி. வயலில் இறங்கும் முன்...

வேலப்பன்சாவடியில் இருந்து பூந்தமல்லி வரை சாலையோரத்து மண்ணுக்குள் குடிநீர்க் குழாய், மின் கேபிள், இணைய கேபிள் என ஒன்றை ஒட்டி இன்னொன்று போகிறது. ஒரு துறை தோண்டினால் இன்னொரு துறையின் இணைப்பு அறுபடும். 'அது நகரத்துத் தலைவலி, நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. எண்ணூரில் இருந்து திருவள்ளூர் வழியாகப் போகும் இந்தியன் ஆயில் எரிவாயுக் குழாய் விளைநிலங்களுக்கு அடியில்தான் செல்கிறது.

நாடு முழுவதும் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் முறை கண்ணாடி இழை கேபிள்கள் அறுபடுவதாகவும், அதனால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்றும் மத்திய அரசு சொன்னது. இதைத் தடுக்க 2023 மார்ச் 22-ல் வந்ததுதான் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி. தோண்டப் போகிற இடத்தைச் செல்போன் வரைபடத்தில் குறித்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு செய்த நிறுவனங்களின் சொத்து மட்டுமே அதில் தெரியும். ஊராட்சியின் பழைய குடிநீர்க் குழாயும் பக்கத்து வயல்காரரின் மோட்டார் கேபிளும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். செல்போன் காட்டும் இடமும் சில மீட்டர் தள்ளிப் போகலாம். ஆகவே நிறுவனத்தின் ஆள் நேரில் வந்து அடையாளம் காட்டும் வரை இயந்திரத்தை இறக்க வேண்டாம்.

உங்களுக்கு இன்னும் பெரிய விஷயம், வரைபடத்தில் கோடு எந்த சர்வே எண்ணில் விழுகிறது என்பது. எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கு 1962-ம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், பயிர் வைக்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் கிணறு, குட்டை வெட்டவோ, கட்டடம் கட்டவோ, மரம் நடவோ கூடாது. இழப்பீடு என்று கிடைப்பது அறிவிக்கை தேதியின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், சேதத்துக்குத் தனி. காலத்துக்கும் தொடரும் கட்டுப்பாட்டுக்கு இது போதாது என்பதே நம் கருத்து. ஆட்சேபம் சொல்ல அறிவிக்கையில் இருந்து 21 நாள்தான் அவகாசம். வயலில் குழாய் எங்கே போகும் என்று அளந்து காட்டச் சொல்லி அதற்குள் கேளுங்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் கிடைக்கும் புலப்படம் எல்லையையும் அளவையும் காட்டத்தான். அதை வைத்துக் குழாயைத் தேட வேண்டாம்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பண்ணைக்குட்டைக்கு இடம் பார்க்கும்போதே குழாய், கேபிள் உண்டா என்று விசாரித்து, கோப்பில் எழுதி வையுங்கள். குழாய் போகும் வழியில் நட்டிருக்கும் அடையாளக் கல்லில் அவசரத் தொலைபேசி எண் இருக்கும். உழவுக்கு இடைஞ்சல் என்று அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டால், அடுத்து வரும் ஜே.சி.பி. ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

உங்கள் சொந்த பி.வி.சி. குழாய், வால்வு, மோட்டார் கேபிள் போகும் இடங்களையும் செல்போன் வரைபடத்தில் குறித்து வைக்கலாம். மண்ணை மூடும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஆழமும் தெரியும்.