ஊருக்குப் போனதும் பார்த்துக்கலாம்

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி வடக்கே போனால் ரவீந்திர சரோவர். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி. ஜனவரி ஒன்றாம் தேதி காலை அங்கே நடக்க இடம் கிடைக்காது. புது ஷூ, குரங்குக் குல்லா, தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்த முகங்கள். பிப்ரவரி பாதியில் பழைய ஆட்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அப்புறம் படகுக் கிளப் பையன்கள். அவர்கள் எப்போதும் போலத் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

காணாமல் போனவர்களைத் திட்ட வரவில்லை. நானே இரண்டு வருஷம் காணாமல் போனவன் :-)

என் கோபமெல்லாம் மொபைலில் சுற்றும் அந்த "21 நாள்" உபதேசத்தின் மேல்தான். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாம். இந்த எண்ணை நதிமூலம் தேடிப் போனால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனில் போய் நிற்கும். ஆபரேஷனுக்குப் பிறகு தன் புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். "குறைந்தது" என்ற வார்த்தையைக் கழற்றிவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய ஆய்வு 2010-ல் வந்தது. பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடுவாக 66 நாள் என்றது அது. எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டமில்லையாம்.

இதைச் சொல்ல லண்டன் வேண்டுமா சார்? ஆர்.டி. கணக்கு வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள். ஒரு தவணை தவறினால் வங்கி சின்ன அபராதம் போடும், அவ்வளவுதான். கணக்கை மூடு, அடுத்த ஜனவரியில் வந்து புதிதாகத் திற என்று எந்த கேஷியரும் சொல்ல மாட்டார். நாம்தான் நமக்கு அப்படிச் சொல்லிக்கொள்கிறோம்.

வெளியூரில் பிழைக்கிற நமக்கு இதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. "ஊருக்குப் போனதும் பார்த்துக்கலாம்." பாட்டு கிளாஸா? ஊருக்குப் போனதும். சுகர் டெஸ்ட்டா? அதுவும்தான். பிள்ளைக்குத் தமிழ் எழுத்தா? டிரான்ஸ்ஃபர் வரட்டும். டிரான்ஸ்ஃபரும் வரும், புவனேஸ்வரத்துக்கு!

இதே ஊரில் பல வருஷம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்தோபாத்யாயின் பெரிய வங்க நாவலை 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்று தமிழில் தந்தார். ஊருக்குப் போனதும் செய்துகொள்ளலாம் என்று இருந்திருந்தால் நமக்கு அந்தப் பறவை கிடைத்திருக்காது.

என் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பா மாதம் தவறாமல் பேத்திக்கு இன்லண்ட் லெட்டர் போடுவார். ஓய்வுபெற்ற வாத்தியார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் சத்தம் போட்டு வாசிப்பேன், அவள் கேட்டுக்கொள்வாள். "நானே எப்பப்பா படிப்பேன்?" "ஊருக்குப் போனதும்டா." போன தீபாவளியோடு லெட்டர் நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. ரசகுல்லா டப்பாவில் 46 லெட்டர். வங்காளம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு அதில் ஒரு வரி தெரியாது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஆரம்பித்தோம். ராத்திரி தட்டை எடுத்ததும் பதினைந்து நிமிஷம். நேரம் பார்த்து வைத்தால் நடக்காது, என் பிராஞ்ச் எப்போது விடும் என்று மேனேஜருக்கே தெரியாது. தட்டு எடுக்காத ராத்திரி கிடையாது, அதனால் அதோடு முடிச்சுப் போட்டோம். (தட்டைக் கழுவுவது இப்போது நான். முதல் வாரமே வீட்டம்மா கேட்டாள்: "உங்க ஒழுங்கையெல்லாம் யார் தலையில ஏத்தறீங்க?" நியாயம்தானே. காலையில் நான் ஏரியைச் சுற்றும்போது குக்கர் தானாகவா ஏறுகிறது? அஞ்சு மணிக்கு எழு என்று மெசேஜ் அனுப்பும் ஆண்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.)

காலண்டரில் டிக் போட்டோம். 200 நாளில் 146 டிக், 54 காலி. மார்ச் கடைசியில் இயர் எண்டிங், தொடர்ந்து பதினோரு நாள் வெள்ளை. 21 நாள் சாமியார்கள் கணக்குப்படி நாங்கள் ஃபெயில். என் கணக்குப்படி 36 மணி 30 நிமிஷத் தமிழ் வரவு. ஏப்ரல் முதல் வாரம், "அப்பா, தட்டு எடுத்தாச்சு" என்று அவள்தான் நோட்டைக் கொண்டுவந்தாள்.

இப்போது டப்பாவில் ஏழாவது லெட்டரில் இருக்கிறாள். 'ழ' இன்னும் தகராறு. போன ஞாயிறு நாலு வரி பதில் எழுதிக் கும்பகோணத்துக்குப் போட்டோம். நாலு பிழை. அப்பா அதைச் சிவப்பு மையில் திருத்தி, நடுங்கும் கையோடு திருப்பி அனுப்பப் போவதாக அம்மா போனில் சொன்னாள்.