மீன் வாங்கிய கண்டம்

போன வாரம் ஏற்காட்டில் துக்கம் விசாரிக்கப் போனேன். செத்தவை ஆறு கோல்டு ஃபிஷ். ஒண்டிக்கடைப் பக்கம் புது வீடு கட்டிய உறவுக்கார அக்கா, பால் காய்ச்சிய அன்றே ஹாலில் இரண்டடித் தொட்டி வைத்து ஆறையும் மொத்தமாக விட்டிருக்கிறார். எட்டாம் நாள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அக்கா முகத்திலோ அப்படியொரு நிம்மதி. காபியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லதுதான் தம்பி. நமக்கு வர இருந்த கண்டத்தை அதுங்க வாங்கிக்கிச்சு."

இதை எத்தனை வீட்டில் கேட்டாயிற்று! மீன் செத்தால் திருஷ்டி கழிந்தது, பிழைத்தால் ஐஸ்வர்யம். எப்படி விழுந்தாலும் வீட்டுக்காரருக்கே ஜெயம் என்கிற இந்தத் தாயத்தில் வெட்டுப்படுகிற காய் மீன் மட்டும்தான்.

கண் பட்டு மீன் சாகுமென்றால் நம் ஏற்காடு ஏரி மீன் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? கோடை விழாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற கூட்டம் முழுக்கப் படகில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைத்தான் பார்க்கிறது. பொறாமைக் கண், புதுமாப்பிள்ளைக் கண், பார்க்கும்போதே மசாலா தடவிவிடுகிற கண். போதாததற்குச் சிப்ஸ் பாக்கெட்டை வேறு வீசிவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் ஏரியில் மீன் துள்ளுகிறது. அக்கா வீட்டு ஹாலை எட்டு நாளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நடந்தது வேறு. மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் அழுகும் தீனியும் அமோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; அதுவும் விஷம், ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கினால்தான் மீனுக்கு உயிர் வரும். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890 வாக்கிலேயே இந்த பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டிவிட்டார். பில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் இவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்காட்டுக் குளிரில் இன்னும் இழுக்கும். "மலைத் தண்ணி, கண்ணாடி மாதிரி இருந்துச்சே" என்றார் அக்கா. அமோனியாவுக்கு நிறம் கிடையாது அக்கா!

மூன்றாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கியதாம். உடனே மொத்தத்தையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார். குடிவந்த நாலு பாக்டீரியாவும் அதோடு காலி. ஏரியை யார் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தார்கள்? அதன் சேற்றிலும் பாசியிலும் கல்லிலும் காலகாலமாக அந்தக் குடித்தனம் நடக்கிறது. அதுதான் அங்கே சுத்திப் போடுவது.

தொட்டியையும் மீனையும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிற கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். முதலில் ஒரே ஒரு மீனை விடுங்கள், தீனியைச் சிட்டிகையோடு நிறுத்துங்கள், தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மட்டும் ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரால் மாற்றுங்கள், தெரிந்தவர் தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்று வாங்கி வந்து போடுங்கள் என்று சொன்னால் வியாபாரம் ஓடுமா? வாஸ்து மீன் என்று அரோவானாவைத் தள்ளிவிடுவதுதான் லாபம். இரண்டடிக்கு மேல் வளர்கிற மீன், இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாமல் கிடந்து வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவர வேண்டுமாம். பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டு, பிரேக்கைப் பார்க்காமல் மலையிறங்குகிற லாரிக்காரரும் இந்த ஜாதிதான். அவர் கண்டத்தை எந்த மீன் வாங்கும்?

நேற்று அக்கா போன் செய்தார். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிப் புதுத்தண்ணீர் நிரப்பியாயிற்றாம். இந்தத் தடவை பத்து மீன். தொட்டிக்கு நேர் மேலே ஆகாச கருடன் கிழங்கு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம்.