பெயரும் படமும்

நல்ல புகைப்படம் ஒன்றைக் கண்டவுடன், "இஃது எந்தக் காமிராவால் எடுத்தது?" என்று வினவுதல் பலர்க்கும் இயல்பாயிற்று. ஓவியத்தைக் கண்டு, தூரிகை செய்த கம்பெனியின் பெயரைக் கேட்பார் யாருமிலர்.

ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்பவர் அமைத்து, 1925-இல் விற்பனைக்கு வந்த லைகாக் காமிரா இப்பெயர்ப் பெருமைக்குத் தலையாய சான்று. பெரும் பெட்டிகளைச் சுமந்தோர்க்கு, கோட்டுப் பையில் அடங்கும் அக்கருவி பெருவிடுதலையே. ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் அதனைக் கொண்டெடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆயின் அவற்றைக் கண்டோர் பலர் கற்றது, வீதியிற் காத்துநின்ற அவருடைய பொறுமையையன்று, கருவியின் பெயரையே.

இங்கிலாந்தில் 'பிக்சர் போஸ்ட்' பத்திரிகையின் படப்பிடிப்பாளராயிருந்த பெர்ட் ஹார்டி, நல்ல படத்திற்கு விலையுயர்ந்த காமிரா வேண்டுவதில்லை என்று எழுதினார். எழுதியதோடு அமையாது, 1951-இல் பாக்ஸ் பிரௌனி என்னும் எளிய பெட்டிக் காமிராவுடன் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்றார். கம்பித் தடுப்பின்மேல் இரு நங்கையர் அமர்ந்திருக்க, கடற்காற்றில் ஒருத்தியின் ஆடை பறக்க, அவர் எடுத்த படம் அவருடைய படங்களுள் மிகப் பெயர் பெற்றவற்றுள் ஒன்று. அவர் பல்லாண்டு லைகாவிற் பயின்றவர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. பெட்டி எளியது, கண் எளியதன்று.

கருவியால் வேற்றுமையே இல்லையென்று கூறேன். மங்கிய விளக்கொளியில் நாடக மேடையைப் படமெடுக்க விழைவோனுக்குப் பெட்டிக் காமிரா உதவாது. ஒளியை மிகுதியாக ஏற்கும் அகன்ற வில்லை வேண்டும். ஆயின் அது வில்லையின் குணம். மேலே பொறித்த பெயரின் குணமன்று. 2008-இல் பானசோனிக் எல்எக்ஸ் 3, லைகா டி-லக்ஸ் 4 என இரு காமிராக்கள் வெளிவந்தன. வில்லையும் உட்பொறியும் இரண்டிற்கும் ஒன்றே. புறத்தோற்றமும் மென்பொருளிற் சில கூறுகளுமே வேறு. எனினும் லைகாப் பெயர் தாங்கியதன் விலை மிகக் கூடுதல். அதன் சிவப்பு வட்டத்திற்கு ஒளியைப் பற்றும் ஆற்றலும் உண்டு போலும்!

பொருளுடையோர் வாங்கி மகிழ்க, அதிற் குற்றமில்லை. யான் வருந்துவது, கையிற் கைப்பேசி இருந்தும், பெயர் பெற்ற காமிரா வாய்க்கும் நாள்வரை படமே எடாது காத்திருக்கும் மாணவரைக் குறித்தே. திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர்தம் பாட்டனார் அந்நாள்வரை அங்கேயே இருப்பாரோ?