தொப்புள்கொடியிலும் கல்லாப்பெட்டியா?



தேர்தல் வந்துவிட்டால் மேடைக்கு மேடை நம்மைத் ‘தொப்புள்கொடி உறவு’ என்கிறார்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் அந்தக் கொடியை அறுத்து விடுகிறார்கள். அது நமக்குப் பழகிப்போன கதை. இப்போது நிஜமான தொப்புள்கொடியைத் தேடியே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இவர்களுக்கு உங்கள் ஓட்டு வேண்டாம், கல்லாப்பெட்டி வேண்டும்!

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்பவர். மனைவிக்கு ஏழாவது மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், வராந்தாவில் காத்திருந்தவரை ஒரு விற்பனைப் பிரதிநிதி பிடித்துக் கொண்டாராம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. “பிள்ளை பிறந்தவுடன் கொடியில் இருக்கும் இரத்தத்தை எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்கிறோம். நாளைக்கு என்ன பெரிய நோய் வந்தாலும் இதுதான் மருந்து. வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு” என்று சொல்லி, வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கையில் திணித்திருக்கிறார். பல பத்தாயிரம் ரூபாய். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாம். தவணைக்கு வட்டியாம்!

“ஹஜ்ரத், இது கூடுமா?” என்று கேட்டார்.

நான் திருப்பி ஒன்று கேட்டேன். “உங்கள் மனைவியிடம் அவர் என்னென்ன விசாரித்தார்?”

“அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கடை சொந்தமா, வாடகையா என்று கேட்டார்.”

இந்த ஒரு பதில் போதும். கொடையாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, நடப்பது மருத்துவமா வியாபாரமா என்பது விளங்கிவிடும்.

முறைப்படி நடக்கும் பொது வங்கி எப்படித் தேர்ந்தெடுக்கும்? பணத்தைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. கொடுப்பவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. தாய்க்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய் ஆகியவை இல்லை என்று பரிசோதனையில் தெரிய வேண்டும். தாய், தந்தை இரு வழியிலும் பரம்பரை இரத்த நோய் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். குறைமாதப் பிரசவமா, பிரசவ நேரத்தில் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிவிட்டதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இத்தனையையும் தாண்டி எடுத்த பையிலும் உயிரணுக்களை எண்ணுவார்கள். நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் இரண்டரைக் கோடி அணுக்களாவது வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பையைச் சேமிக்க மாட்டார்கள். இப்படிக் கழிந்து போகிற பைகள்தான் அதிகம். பணம் கட்டிய தகப்பனிடம் ‘உங்கள் பை தேறவில்லை’ என்று சொல்ல எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

விஞ்ஞானத்தை நாம் மறுக்கவில்லை. 1988ல் பாரிஸ் நகரில், ஃபான்கோனி என்ற கொடிய இரத்தசோகை நோய் கண்ட ஒரு சிறுவனுக்கு, புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். உலகில் நடந்த முதல் சிகிச்சை அது. அதன்பின் பல்லாயிரம் பேர் பிழைத்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் கவனியுங்கள். அந்தச் சிறுவனுக்கு உதவியது தங்கையின் இரத்தம். தன்னுடைய கொடி இரத்தம் அல்ல.

இங்கேதான் ஏமாற்று வேலை இருக்கிறது. தலசீமியா போன்ற பரம்பரை நோயோடு ஒரு பிள்ளை பிறந்தால், அந்தக் கோளாறு அதன் கொடி இரத்தத்திலும் இருக்கும். புழுத்த நெல்லை விதைக்கென்று பத்திரப்படுத்தி என்ன பயன்? இரத்தப் புற்றுநோய்க்கும் பெரும்பாலும் இதே நிலைதான். ஒரு பிள்ளைக்குத் தன் சொந்தக் கொடி இரத்தமே முதல் 20 வருடங்களில் தேவைப்படும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவர் என்பதிலிருந்து 2 லட்சம் பேரில் ஒருவர் என்பது வரைதான் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2018ல் சொன்னது. பிற்காலச் சுயதேவைக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ம் வருட வழிகாட்டு நெறிகளில் எழுதியது. 2004ல் சென்னையில் லைஃப்செல் தொடங்கியது முதல் தனியார் வங்கிகள் இந்த நாட்டில் நடந்து வருகின்றன. 2011ல் உரிமம், பரிசோதனை என்று விதிகளும் வந்தன. சட்டத்தில் அனுமதி இருக்கலாம். அதற்காக உங்களுக்குத் தேவையில்லாத பொருள் தேவையாகி விடுமா?

‘இப்போது சமூக வங்கி இருக்கிறதே, எல்லோரும் பகிர்ந்து கொள்ளலாமே’ என்பார்கள். யாருக்குள் பகிர்வு? சந்தா கட்டியவர்களுக்குள்! நெல்பேட்டையில் மூட்டை தூக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளை அந்த ‘சமூக’த்தில் சேருமா?

வியாபாரப் பெருமக்களே! நீங்கள் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்து ஒரு அத்தியாயமே இறங்கிய வேதத்தைச் சுமப்பவர்கள். கடலில் நீந்தும் மீனை விலை பேசுவது ‘கரர்’, நிச்சயமற்ற வியாபாரம், அது கூடாது என்று மதரஸாவில் முதல் பாடங்களிலேயே ஓதுகிறோம். பயத்தைக் காட்டிப் பிரசவ அறையின் வாசலில் விற்கப்படும் இந்தச் சரக்கை அந்தத் தராசில் வைத்து நீங்களே நிறுத்துப் பாருங்கள். அதன் மேல் வட்டி வேறு!

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

மதுரைச் சீமையில் சொந்தத்தில் பெண் எடுப்பது எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம். மாற்று மதத்தார் தாய்மாமனுக்குக் கொடுப்பார்கள், நாம் மாமன் மகளையும் சித்தப்பா மகளையும் கட்டுவோம். மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் குடும்பத்தில் மறைந்திருக்கும் இரத்த நோய் இரு பக்கமும் சேர்ந்து பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு இதில் கூடுகிறது. ‘வீட்டில் யாருக்காவது அடிக்கடி இரத்தம் ஏற்றுகிறீர்களா?’ என்று மருத்துவர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? இரண்டாவது மகளுக்கு வரன் தடைப்படுமே என்று, “அப்படியெல்லாம் எங்கள் குடும்பத்தில் இல்லை” என்கிறோம். கைசேதம்! கொடையாளராக நின்று அந்தப் பொய்யைச் சொன்னால், அந்த இரத்தம் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் உடலுக்குள் போகும். மருத்துவரின் கேள்விக்குச் சொல்லும் பதிலும் ஒரு அமானிதம்தான்.

அடுத்து, கையெழுத்து. கொடுப்பவள் தாய். கேள்வி கேட்பதும் சம்மதம் வாங்குவதும் அவளிடம்தான் இருக்க வேண்டும். அதுவும் வலி எடுப்பதற்கு முன்பே, நிதானமாக, தனியாக. நம் வீடுகளில் புருஷன் போடுகிறான், அவன் இல்லையென்றால் மாமனார் போடுகிறார். அந்தப் பெண்ணுக்கு என்ன காகிதம் என்றே தெரியாது.

சிலர் கேட்கலாம், கொடி இரத்தத்தைக் கொடுப்பதே கூடுமா என்று. நச்சுக்கொடியைப் புதைக்கிற வழக்கம் நம்மிடம் இருப்பதால் வரும் தயக்கம் இது. மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு பேரவை 2003ல் கூடி, பெற்றோர் சம்மதத்தோடு நச்சுக்கொடியிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் குருத்தணுக்களை எடுத்துச் சிகிச்சை செய்யலாம் என்று தீர்மானித்தது. இரத்தம் கலந்தால் பால்குடி உறவு போல மஹ்ரம் ஆகிவிடுமா என்றால், ஆகாது. அது பால் கொடுத்தால் மட்டுமே ஏற்படும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? வீட்டில் ஏற்கனவே தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளை இருந்து, மனைவி மீண்டும் கர்ப்பமானால், இரத்தநோய் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த இடத்தில் கொடி இரத்தத்தைச் சேமிப்பது நியாயமான காரியம். மற்றவர்கள், பிள்ளை பிறந்து ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை கொடியைக் கட்டாமல் விடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது. அந்த இரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும், இரும்புச்சத்தாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகையோடு இருக்கும் தமிழகத்தில் இதைவிடப் பெரிய சேமிப்பு எது? பையை நிரப்புகிற அவசரத்தில் கொடியைச் சீக்கிரம் கட்டினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இளைஞர்களே! அல்மாயிதா அத்தியாயத்தின் 32வது வசனத்தை மேடைதோறும் ஓதுகிறோம். இரத்த தானத்தில் நம் சமுதாய இயக்கங்கள் முன்னணியில் நிற்பதை இந்த மாநிலமே அறியும். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. சென்னையில் 2009 முதல் நடக்கும் தாத்ரி என்ற பதிவகத்தில், 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் குருத்தணுக் கொடையாளராகப் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதோடு பதிவு முடிந்தது. யாருக்காவது பொருந்தினால், அழைப்பு வரும்போது பின்வாங்கக் கூடாது. பொருத்தம் என்பது பெரும்பாலும் ஒரே மண்ணின் மக்களுக்குள்தான் கிடைக்கிறது. மேலூரில் ஒரு பிள்ளைக்குத் தேவைப்பட்டால் ஜெர்மனிக்காரனிடம் கிடைப்பதைவிட, திருமங்கலத்துக்காரனிடம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். கிளை நிர்வாகிகள் அடுத்த இரத்த தான முகாமிலேயே இந்தப் பதிவையும் சேர்த்து நடத்த ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த ஜவுளிக்கடைச் சகோதரருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரதிநிதி மூன்று முறை போன் செய்தாராம். மூன்றாவது முறை சகோதரரின் மனைவியே போனை வாங்கி, “என் உடம்பைப் பற்றி முதலில் என்னிடம் கேளுங்கள்” என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.