பருப்பு வேகாத தண்ணியில நியான் டெட்ரா

முன்குறிப்பு: மீன் வளர்க்காதவங்களும் படிக்கலாம். வீட்டுல பருப்பு வேக வைக்கிறவங்க கட்டாயம் படிக்கலாம் :-)

எங்க செஞ்சியில தண்ணியைப் பத்தி ரெண்டே வார்த்தைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. எங்க வீட்டு போர்ல வர்றது ரெண்டாவது ஜாதி. சோப்பு நுரைக்காது. பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் அப்படியே முறைச்சுப் பார்க்கும். தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் பண்ற வேலை அது. நாம படிச்ச புத்தகத்துல அதுக்குப் பேர் கடினத்தன்மை.

போன வருஷம் வீட்டுல ரெண்டடித் தொட்டி ஒண்ணு வச்சேன். ஆசைப்பட்டு 12 நியான் டெட்ரா வாங்கி விட்டேன். பிஹெச் பார்த்தா 8க்கு மேல. நியானோ அமேசான் பக்கத்து மீன், 7க்குக் கீழ இருந்தாத்தான் அதுக்கு சொகம். கடையில சொன்னா, "கவலையே படாதீங்க சார்"னு பிஹெச் குறைக்கிற மருந்து ஒரு பாட்டில் குடுத்தாங்க. ஊத்தினேன். சாயங்காலம் 7. காலையில பார்த்தா மறுபடி 8. திரும்ப ஊத்தினேன். நாலு நாள் இந்தக் கூத்து. அஞ்சாம் நாள் காலையில பிஹெச் 6க்கும் கீழ, ஒன்பது மீன் மேல மிதக்குது.

அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "பருப்பே வேகாத தண்ணிடா அது. அதுல போய் எந்த ஊரு மீனையோ கொண்டாந்து விட்டா?"

இஞ்சினியரிங் படிச்ச எனக்குத் தோணாதது அவங்களுக்குத் தோணிச்சு. என்ன நடந்துச்சுன்னு அப்புறமா உக்காந்து படிச்சேன்.

நம்ம போர் தண்ணியில பைகார்பனேட் நிறைய இருக்கு. அதை அளக்கறதுக்குத்தான் கேஹெச். அமிலம் ஊத்தினா முதல்ல இந்த பைகார்பனேட் அதைத் தின்னுடும். அதுல பிறக்கற கார்பன் டை ஆக்சைடு கொஞ்ச நேரத்துக்கு பிஹெச்சைக் குறைச்சுக் காட்டும். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடினா அந்த வாயு பறந்துடும், பிஹெச் பழைய இடத்துக்கே ஏறிடும். ஆக, நான் தினமும் குறைச்சது பிஹெச்சை இல்லை, கேஹெச்சை. பேங்க்ல இருக்கற காசை எடுத்து எடுத்துச் செலவு பண்ற மாதிரி. அது காலியான அன்னிக்கு, அதே அளவு மருந்து பிஹெச்சைத் தடால்னு கீழ தள்ளிடுச்சு. பிஹெச் ஒரு எண் மாறினா அமிலத்தன்மை 10 மடங்கு மாறுது. 8ல இருந்து 6ன்னா 100 மடங்கு. எந்த மீன் தாங்கும்? ஆபீஸ்ல ஓடிட்டிருக்கற சர்வர்ல காரணம் தெரியாம கைவச்சா என்ன திட்டு வாங்குவோம்? அதையேதான் வீட்டுல செஞ்சிருக்கேன்.

அதனால என் கட்சி இதுதான்: தண்ணியை மாத்தாதீங்க, மீனை மாத்துங்க.

எங்க ஊர்த் தண்ணியிலேயே சந்தோஷமா வாழற மீன் இல்லையா என்ன? கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாமே கடினத் தண்ணி பிரியர்கள். பெரிய தொட்டி வைக்க வசதி இருந்தா ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி சிக்லிட். அந்த ஏரியோட பிஹெச் கிட்டத்தட்ட 7.7ல இருந்து 8.6 வரை. நமக்கு வாய்ச்ச உப்புத் தண்ணி அதுக்கு சொந்த ஊர் மாதிரி.

அப்ப டெஸ்ட்டே வேண்டாமான்னு கேக்காதீங்க. வேணும். ஆனா பிஹெச்சை மட்டும் பார்க்கறது பாதிக் கணக்கு. சொட்டு விடற கிட் வாங்கி கேஹெச், ஜிஹெச் ரெண்டையும் பாருங்க. பெரும்பாலான கிட்ல ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். போர் தண்ணியைப் பிடிச்ச உடனே பிஹெச் பார்க்காதீங்க. அதுல கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடால குறைச்சலா காட்டும். ஒரு நாள் திறந்து வச்சுப் பாருங்க. ஆர்ஓ மெக்கானிக் கொண்டு வர்ற டிடிஎஸ் மீட்டரை நம்பி கடினத்தன்மையை முடிவு பண்ணாதீங்க. அதுல சோடியமும் சேர்ந்துதான் எண் வரும்.

இன்னொரு விஷயம். பிஹெச் ஏற ஏற அம்மோனியாவோட விஷம் கூடும். 25 டிகிரி சூட்டுல, பிஹெச் 7ல மொத்த அம்மோனியாவுல அரை சதவீதம்தான் விஷ வடிவத்துல இருக்கும். பிஹெச் 8ல அது 5 சதவீதத்தைத் தாண்டிடும். அதனால நம்ம ஊர்க்காரங்க அதிகமா தீனி போடறதும், தண்ணி மாத்தாம விடறதும் ரொம்ப ஆபத்து. பிஹெச்சோட சண்டை போடற நேரத்தை வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தறதுக்குச் செலவு பண்ணலாம்.

"இல்லை, எனக்கு நியான்தான் வேணும்"னு அடம் பிடிக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. அதுக்கு பாட்டில் தேவையில்லை, வானத்தைப் பார்த்தா போதும். மழைத் தண்ணியில கடினத்தன்மை அநேகமா பூஜ்யம். பாதிக்குப் பாதி போர் தண்ணியோட கலந்தா எல்லாமே பாதியாயிடும். மழைத் தண்ணியை (ஆர்ஓ தண்ணியையும்தான்) மட்டும் தனியா விடாதீங்க, கேஹெச் இல்லாம எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

எங்க ஊர்க் கோட்டையைப் பாருங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரின்னு எங்க திரும்பினாலும் பாறைதான். அந்தப் பாறை மேல விழற மழையைப் பிடிச்சு செட்டிகுளம், சக்கரகுளம்னு தேக்கி வச்சாங்க. 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கோட்டை அது. 2003ல தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. எங்க மொட்டை மாடிக் குழாய் என்னவோ இப்பவும் நேரா தெருவுலதான் ஊத்துது. இந்த வருஷம் அதுக்குக் கீழ ஒரு டிரம் வச்சிருக்கேன்.

மிச்சம் இருந்த மூணு நியானும் அடுத்த வாரமே போயிடுச்சு. இப்ப தொட்டியில கப்பியும் மோலியும். மருந்து பாட்டில் மூடி போட்டபடி அலமாரியில இருக்கு. மோலி குட்டி போட்டிருக்கு. அம்மாதான் தீனி போடறாங்க. டிரம்ல பிடிச்ச மழைத் தண்ணியில முதல் பங்கு மீனுக்கு இல்லையாம், பருப்புக்காம் :-)